யோசேவ் வாஸ் முனிவர்

மாத்தளை மாவட்டம் என்றவுடன் பௌத்தர்க்கு அலுவிகாரை நினைவுக்கு வரும், மலையகத் தமிழர்க்கு முத்துமாரியம்மனின் பஞ்சரத பவனி கண்முன் நிற்கும், கத்தோலிக்கர்க்கோ வஹாக்கோட்டை. மாத்தளையிலிருந்து தம்புள்ளை வழியாகச் சென்று கலேவெலையை அடைந்தால், அங்கிருந்து சிறிது தொலைவில் வயலும் தோப்பும் சூழ்ந்து கிடக்கின்றது அவ்வூர். புனித அந்தோனியார் பெயரால் அங்கே ஒரு திருத்தலம் உண்டு. கண்டி மன்னரின் கைப்பட்ட போர்த்துக்கேயப் படைவீரர்கள் இந்நாட்டுப் பெண்களை மணந்து, அரசன் வழங்கிய நிலத்தில் குடியேறிய ஊர் அது என்பர். அவர்களுடைய வழித்தோன்றல்கள் இன்று சிங்களம் பேசுகின்றனர். முகத்தையும் மொழியையும் கொண்டு அவர்களை அயலூராரிடமிருந்து பிரித்தறிய முடியாது. யூன் மாதத்தில் அந்தோனியார் திருநாள் வருங்கால் சிங்களவரும் தமிழரும், கத்தோலிக்கரும் அல்லாதாரும் ஆயிரக்கணக்கில் அங்கே திரள்கின்றனர்.

அவ்வூரைப் பற்றிச் செவிவழியாக வழங்கும் ஒரு செய்தி என் உள்ளத்தை நெடுநாளாகப் பற்றியிருக்கின்றது. பதினெட்டாம் நூற்றாண்டின் இடைப்பகுதியில் கண்டி இராச்சியத்தினின்றும் குருமார் வெளியேற்றப்பட்டனர். அதன்பின் தலைமுறை தலைமுறையாக அவ்வூரார் குருவின் முகத்தையே காணாதிருந்தனர். செபங்கள் மறந்தன, பூசை மறந்தது, ஞானோபதேசம் மறந்தது. பழக்கவழக்கங்களெல்லாம் அயலாருடையவை போலாயின. ஆயினும் அந்தோனியாரின் திருவுருவத்தை மாத்திரம் அவர்கள் கைவிடவில்லையாம். உருவம் இருந்தது, அது எதற்காக இருந்தது என்பது போயிற்று. பின்னாளிலே குருமார் மீண்டும் வந்தபோது, அணைந்த அடுப்பில் சாம்பலைக் கிளறித் தீப்பொறி தேடுவார்போல அவ்வூரிலே பணிசெய்ய வேண்டியிருந்தது.

இச்செய்தியை யான் சொன்னபோது, என்னோடு ஆசிரியப் பணி புரியும் கத்தோலிக்க நண்பர் ஒருவர் நகைத்தார். அது பழங்கதை அன்று, ஐயா, எங்கள் இன்றைய கதையும் அதுதான் என்பது அவர் கருத்து. திருநாளுக்கு வரும் திரள் மற்றை ஞாயிறுகளில் எங்கே போகின்றது, நேர்த்திக்கடன் வைப்போருள் எத்தனைபேர் பாவசங்கீர்த்தனத் தொட்டியை அணுகுகின்றனர், அண்ணன் தம்பி காணி வழக்கை முடிக்காமலே இருவரும் ஒரே பந்தியில் நற்கருணை வாங்குகின்றார்களே என்றெல்லாம் அவர் அடுக்கிக்கொண்டு போனார். கிறித்தவர்களுக்கு இன்று வேண்டுவது புதிய கோயில்கள் அல்ல, மனஸ்தாபம் என்று அவர் முடிவுகட்டினார். அவருடைய பேச்சு முழுவதும் நியாயமா என்று யான் அறியேன். ஆனால் அப்பேச்சே இக்கட்டுரைக்குத் தூண்டுகோலாயிற்று.

சைவனாகிய யான் கிறித்தவரின் மனந்திரும்புதலைப் பற்றி எழுதுவது சிலர்க்கு வியப்பாக இருக்கலாம். மனந்திரும்புதல் தமிழர்க்குப் புதிய பொருள் அன்று. புறச்சமயம் புகுந்து, சூலை நோயால் வருந்தி, தமக்கையார் திலகவதியாரின் அடியில் வந்து விழுந்த நாவுக்கரசரின் வரலாற்றைப் படித்தவர்க்கு, திரும்பி வருதலின் அருமை தெரியும். மணிவாசகர் தம்மை நாயினும் கடையராகக் கண்டு உருகிய உருக்கம் எச்சமயத்தவர்க்கும் பொதுவன்றோ? ஆகவே, இந்நாட்டுக் கிறித்தவரைத் திரும்பிவரச் செய்த ஒரு பெரியாரின் வரலாற்றை யான் கூறத் துணிகின்றேன். அவரே யோசேவ் வாஸ் முனிவர்.

அவர் பிறந்தது 1651ஆம் ஆண்டு ஏப்ரல் 21ஆந் திகதி. பிறந்த ஊர் கோவா நாட்டுச் சல்சேத்துப் பகுதியிலுள்ள பெனாவுலிம். தந்தையார் கிறிஸ்தோவாவோ வாஸ், தாயார் மரியா தெ மிராண்டா. குலத்தால் கொங்கணிப் பிராமணர். சில தலைமுறைகளாகக் கத்தோலிக்கர். தந்தையாரின் ஊராகிய சாங்கோவாலில் போர்த்துக்கேய மொழியும், பெனாவுலிமில் இலத்தீனும் கற்று, பின் கோவா நகரில் யேசுசபையாரிடத்தும் தொமினிக்கன் சபையாரிடத்தும் உயர்கல்வி பெற்றார். 1676ஆம் ஆண்டில் குருப்பட்டம் கிடைத்தது. பட்டம் பெற்றவர்கள் பாதரட்சையும் பல்லக்குமாக உலாவிய காலம் அது. இவரோ காலில் இருந்ததையுங் கழற்றிவிட்டு, ஏழைகளைப்போல வெறுங்காலோடு நடக்கலானார். மறுவருடம் தேவமாதாவுக்குத் தம்மை அடிமையாக எழுதிக் கொடுத்த சாசனம் ஒன்றும் எழுதினார். ஆளுடைய நம்பியின் அடிமையோலையைப் படித்த நமக்கு இச்செய்கை அந்நியமாகத் தோன்றாது.

இலங்கையில் கத்தோலிக்கர் குருவின்றித் தவிக்கின்றனர் என்ற செய்தி அக்காலத்திலேயே அவர் செவிக்கு எட்டிற்று. உடனே புறப்பட விரும்பினார். மேலிடத்தார் அவரை 1681இல் கன்னட நாட்டுக்கு அனுப்பினர். மங்களூர் முதலிய இடங்களில் போர்த்துக்கேய அரசின் பாதுகாவலில் இருந்த குருமாருக்கும், உரோமையிலிருந்து நேராக நியமனம் பெற்றவர்களுக்கும் அதிகாரச் சண்டை முற்றியிருந்தது. இவ்விரு கட்சிக்கும் இடையே நின்று, மக்களின் ஆன்மலாபத்தை மாத்திரம் நோக்கிச் சுமார் மூன்றாண்டு பணி செய்தார். குருமாரின் பூசலாலேயே விசுவாசிகள் சோர்ந்துபோவதை அங்கே கண்கூடாகக் கண்டார் என்றே கொள்ளலாம்.

கோவாவுக்கு மீண்டதும், 1685இல், துறவு வாழ்க்கையை நாடிய சில சுதேசக் குருமாரோடு சேர்ந்தார். அவர்கள் இவரையே தலைவராகத் தெரிந்துகொண்டனர். பதினாறாம் நூற்றாண்டில் உரோமாபுரியில் வாழ்ந்த பிலிப்பு நேரியார் என்னும் அடியவர், பிரசங்க ஆரவாரமின்றி, உரையாடலாலும் பாவசங்கீர்த்தனத்தாலும் ஓய்ந்துகிடந்த அந்நகரை எழுப்பியவர். அவர் வகுத்த ஒறற்றோரியன் சபையின் முறையையே இவர்களும் தழுவினர். ஐரோப்பியர் துணையின்றி நம் நாட்டவரே அமைத்து நடத்திய துறவோர் கூட்டம் என்ற சிறப்பு அதற்குண்டு. ஆயின் ஒன்றை மறைப்பது தகாது. அச்சபையில் பிராமண குலத்தாரே சேர்க்கப்பட்டனர். ஞானஸ்நானம் பெற்றும் குலம் போகவில்லை! வாஸ் முனிவர் தம் வாழ்நாளில் அக்குலப் பெருமையை எப்படி உதறினார் என்பதை இனிக் காண்போம். சபையின் விதியை மட்டும் அவர் மாற்றியதாகத் தெரியவில்லை.

இனி, அவர் நாடிவந்த இலங்கையின் நிலையைக் கூறவேண்டும். இதனைச் சற்று விரித்தே கூறுவேன்; ஏனெனில் நோய் இன்னதென்று தெரியாதவர்க்கு மருத்துவனின் அருமை தெரியாது.

1656இல் கொழும்பும், 1658இல் யாழ்ப்பாணமும் ஒல்லாந்தர் கைப்பட்டன. போர்த்துக்கேயக் குருமார் அனைவரும் நாடு கடத்தப்பட்டனர். கத்தோலிக்கக் குருவுக்கு அடைக்கலம் கொடுப்போர்க்கு மரணதண்டனை என்று பறைசாற்றப்பட்டது. பழைய கோயில்கள் சீர்திருத்த சமயத்தாரின் கோயில்களாகவும் பள்ளிக்கூடங்களாகவும் மாறின. பள்ளிக்கூடத் தோம்பிலே பெயர் பதியாதவனுக்கு விவாகம் இல்லை. ஞானஸ்நானம் பெறாதவனுக்கு அரசாங்க உத்தியோகம் இல்லை. காணி பூமியின் உரிமையுங்கூட அத்தோம்பைச் சார்ந்து நின்றது. பிள்ளைகள் பள்ளிக்கு வராவிடின் பெற்றோர்க்குக் குற்றப்பணம். இவ்வாறு, சமயம் என்பது பதிவுப் புத்தகத்தில் ஒரு வரியாயிற்று. யாழ்ப்பாணத்திலே ஊழியம் செய்த பால்டேயஸ் பாதிரியார் கணக்கெடுத்த கிறித்தவர் தொகை பெரிதுதான். அத்தொகையுள் எத்தனைபேர் வீட்டுக்குள்ளே விபூதி பூசினர், எத்தனைபேர் செபமாலை உருட்டினர், எத்தனைபேர் இரண்டையும் விட்டு வெறுமனே இருந்தனர் என்பது எந்தத் தோம்பிலும் ஏறாத கணக்கு.

ஒல்லாந்தரால் தமிழுக்கு யாதொரு நன்மையும் விளையவில்லை என்று கூறுவது நியாயமன்று. நல்லூரில் அவர்கள் குருமடம் நிறுவினர். நம்மவராகிய பிலிப்பு தெ மெல்லோ மொழிபெயர்த்த புதிய ஏற்பாடு 1759இல் கொழும்பிலே அச்சேறிற்று. யான் குறைகூறுவது அவர்களுடைய வேதத்தை அன்று. உத்தியோகத்தையும் காணியையும் காட்டி மனிதரைக் கோயிலுக்கு இழுத்த முறையையே. அம்முறையால் கத்தோலிக்கர் அடைந்த கேடு தண்டனையினும் கொடிது. கிழமையில் ஒருநாள் அரசாங்கக் கோயிலுக்குப் போய்த் தலைகாட்டிவிட்டு, மனச்சாட்சி உறுத்தும்போது வீட்டிலிருந்த பழைய சுரூபத்தின் முன் முழந்தாளிட்டு அழுது, பின் அழுகையும் வற்றி, இரண்டகமே இயல்பாகிவிட்ட நிலை அது. முப்பதாண்டு அவ்வாறு கழிந்தது. முதியோர் இறந்தனர், இளையோர் ஒன்றும் அறியாமல் வளர்ந்தனர்.

இந்நிலையிலேதான், 1687ஆம் ஆண்டு உயிர்த்தஞாயிறு காலத்தையொட்டி, முப்பத்தாறாம் வயதில், வாஸ் முனிவர் தூத்துக்குடியிலிருந்து தோணி ஏறினார். துணையாக வந்தவர் யோவான் என்னும் பணியாள் ஒருவரே. குருவின் அங்கி இல்லை. கூலிக்காரனின் கந்தையே உடை. பூசைக்கு வேண்டிய சிறு பொருள்கள் மாத்திரம் மறைவாக இருந்தன. கடலிலே காற்று மாறி அலைக்கழிந்து, யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தபோது பசியாலும் வயிற்றுளைச்சலாலும் நலிந்து நடக்கவும் இயலாதவராயினார். தொற்றுநோய் என்று அஞ்சி மக்கள் அணுகவில்லை. இரக்கமுள்ள சிலர் கொடுத்த கஞ்சியால் உயிர் பிழைத்தார். பிராமண குலத்திற் பிறந்து, கோவா நகரில் ஒரு சபைக்குத் தலைவராயிருந்தவர், யாழ்ப்பாணத் தெருவிலே பெயரறியாப் பிச்சைக்காரனாகக் கிடந்தார். குலப்பெருமை போன இடம் அது.

உடல் தேறியதும் வீடுவீடாகப் பிச்சைக்குச் சென்றார். கழுத்திலே பெரியதொரு செபமாலை தொங்கிற்று. அதைக் கண்டு அருவருத்தவரும் உண்டு. கண்டும் காணாதவர்போல் இருந்தவரும் உண்டு. யாரேனும் ஒருவர் அதை ஏக்கத்தோடு நோக்கினால், அப்பார்வையை மனத்துட் குறித்துக்கொள்வார். பலநாட் பார்த்து, நம்பத்தக்கவர் என்று தெளிந்தபின்னரே தாம் குரு என்பதை வெளியிட்டார். அச்செய்தியைக் கேட்ட முதற் குடும்பத்தார் எவ்வாறு உணர்ந்திருப்பர் என்பதை யான் பலகால் எண்ணிப் பார்த்ததுண்டு. மகிழ்ச்சியினும் அச்சமே முந்தியிருக்கும். குருவை வீட்டில் வைத்திருந்தால் தலை போகும். அவரை ஏற்றுக்கொள்வதே அவர்கள் செய்த முதல் மனந்திரும்புதல் என்பேன். அவ்வளவு காலமும் விலை கொடாமல் வைத்திருந்த விசுவாசத்துக்கு அன்றிரவு விலை கொடுக்கவேண்டியதாயிற்று.

பின்னர் அவர் சில்லாலையைத் தம் இருப்பிடமாக்கிக் கொண்டார். அவ்வூரார் ஒருமித்த மனத்தினர். குருவைக் காட்டிக்கொடார் என்ற பெயர் அவர்களுக்கு இருந்தது. பகலில் மறைந்திருப்பார். இருள் சூழ்ந்தபின் பனந்தோப்புகளினூடே நடந்து, குறித்த வீட்டை அடைவார். அங்கே கூடியவர்களுக்கு முதலிற் பாவசங்கீர்த்தனம், பின் பூசை. முப்பதாண்டுப் பாவத்தை ஓரிரவிலே கேட்பது எளிதா? ஒருவர் பின் ஒருவராக வந்து சொல்லச் சொல்ல, கோழி கூவும் நேரம் நெருங்கிவிடும். குழந்தைகளுக்கு ஞானஸ்நானம், குருவின் முன்னிலையின்றி வாழ்ந்த தம்பதிகளுக்கு மெய்விவாகம், செபம் மறந்த முதியோர்க்கு அரிச்சுவடியிலிருந்து ஞானோபதேசம். விடியுமுன் அவர் அவ்வூரில் இல்லை. இப்பணியில் எழுப்புதற் கூட்டத்து ஆரவாரம் ஒன்றுமில்லை, பறையில்லை, பந்தலில்லை, உரத்துப் பேசவுங்கூட இயலாது. 1860ஆம் ஆண்டளவில் திருநெல்வேலிச் சீமையில் கிறிஸ்தியான்பேட்டை அருளப்பனார் நடத்திய எழுப்புதலைப் படித்திருக்கின்றேன். அங்கே மக்கள் வெளிப்படையாக நடுங்கியும் அழுதும் பாவத்தை அறிக்கையிட்டனர். இங்கேயோ அழுகையையும் வாய்க்குள் அடக்கவேண்டிய எழுப்புதல்.

ஒல்லாந்த அதிகாரிகள் அறியாதிருக்கவில்லை. 1689ஆம் ஆண்டு நத்தார் இரவிலே யாழ்ப்பாணத்தில் வீடுகளை வளைத்துக்கொண்டு பலரைச் சிறைப்பிடித்தனர். குரு தப்பினார், மக்கள் அகப்பட்டனர். சவுக்கடி பட்டு உயிர்துறந்தோரும், விலங்கோடு வேலைக்கு அனுப்பப்பட்டோரும் உண்டென வரலாற்று நூல்கள் கூறும். தம்பொருட்டு இத்தனைபேர் துன்புறுவதைக் கண்ட முனிவர், ஒல்லாந்தர் எல்லையை விட்டுக் கண்டி அரசனின் ஆட்சிக்குட்பட்ட புத்தளத்துக்குச் சென்றார். அங்கே ஏறத்தாழ ஓராண்டு தங்கி அப்பகுதிக் கத்தோலிக்கரைத் திரட்டினார்.

1692இல் கண்டி மாநகரை நோக்கி நடந்தார். கண்டியிலும் அவருக்கு முன்பே பகை சென்றிருந்தது. பிரெஞ்சுத் தூதுக்குழுவோடு வந்து அங்கேயே தங்கிவிட்ட லனெரோல் என்பவர் கல்வீனிய சமயத்தினர். வருபவன் போர்த்துக்கேய ஒற்றன் என்று அவர் அரசனுக்கு அறிவித்தார். முனிவரும் உடன்வந்தோரும் சிறையிடப்பட்டனர். சிறையிலே அவர் சிங்களம் கற்றார்; காவலரின் நம்பிக்கையைப் பெற்றார்; முதலில் ஒரு குடிசைக் கோயிலும், பின் தேவமாதா பெயரால் ஒரு கோயிலும் எழுப்பினார். கைதியாக இருந்துகொண்டே கண்டி நகரக் கத்தோலிக்கருக்குக் குருவானார்.

மழை வருவித்த அற்புதத்தைக் கூறாமல் இவ்வரலாற்றை எழுதுவோர் இல்லை. ஒருகால் கண்டியில் வறட்சி மிக்கது. அரசன் வேண்டுகோளின்படி முனிவர் வெளியிலே சிலுவை நாட்டிப் பீடம் அமைத்துச் செபித்தார், மழை பொழிந்தது, பீடமும் அவரும் மாத்திரம் நனையவில்லை என்பர். அன்றுமுதல் நாடெங்கும் போதிக்க அரசன் அனுமதி அளித்தான். கத்தோலிக்கர் இதனை அற்புதமாகப் போற்றுகின்றனர். அவர்களுடைய நம்பிக்கையில் யான் குறுக்கிடேன். என் அறிவுக்குப் பெரிதாகப் படுவது பின்னர் நிகழ்ந்த வேறொன்று.

1697இல் கண்டியிலே வைசூரி பரவிற்று. அரசனும் பிரதானிகளும் நகரைவிட்டு நீங்கினர். நோயுற்றவரை உறவினரே காட்டிலே கொண்டுபோய் விட்டனர். தாய் பிள்ளையை விட்டாள். பிள்ளை தாயை விட்டான். அவ்வேளையில் முனிவரும், அவருக்குத் துணையாகக் கோவாவிலிருந்து வந்திருந்த மருமகனார் யோசேவ் கர்வாலியோ அடிகளும் காட்டுக்குட் சென்றனர். குடிசை கட்டினர், கஞ்சி காய்ச்சி ஊட்டினர், புண்ணைக் கழுவினர், இறந்தவர்க்குக் குழி வெட்டினர். பௌத்தர், சைவர், கத்தோலிக்கர் என்ற வேறுபாடு அங்கே இல்லை. கைவிடப்பட்ட வீடுகள் சில வைத்தியசாலைகளாயின. நோய் தணியுமட்டும் அவர்கள் அவ்வூழியத்தை விடவில்லை. நோயுற்றவரை வீசிவிட்டு ஓடியவர்களுள் கத்தோலிக்கரும் இருந்திருப்பர் அன்றோ? அவர்கள் திரும்பிவந்து, தாம் வீசிய உறவினர் முனிவரின் கையால் பிழைத்திருப்பதைக் கண்டபோது, அந்நகரில் எந்தப் பிரசங்கமும் தேவைப்பட்டிராது.

இங்கே ஓர் இடைப்பிறவரல். அக்காலத்தில் கண்டியை ஆண்ட இரண்டாம் விமலதர்மசூரியன் பௌத்தத்திலே ஆழ்ந்த பற்றுள்ளவன். அதே 1697ஆம் ஆண்டிலேதான் அரக்கான் நாட்டினின்றும் பிக்குகளை வருவித்து, இந்நாட்டில் நின்றுபோயிருந்த உபசம்பதை மரபை அவன் மீண்டும் தொடக்கினான். தன் சமயத்தைப் புதுப்பிக்க விரும்பிய மன்னன், தன் தலைநகரில் பிறசமயத் துறவி ஒருவர் தம்மவரைப் புதுப்பிப்பதற்குத் தடைசெய்யவில்லை. ஒரே நகரில், ஒரே காலத்தில், இரு சமயங்கள் தத்தம் வீட்டைப் பெருக்கின. அடுத்த வீட்டுக் குப்பையை அளக்கும் இக்காலத்தவர்க்கு இது சிந்திக்கத்தக்கது.

முனிவர் இப்போது தனியர் அல்லர். கொச்சி ஆயர் அவரை இலங்கைக்குக் குருமுதல்வராக நியமித்தார். கோவாவிலிருந்து ஒருவர் பின் ஒருவராகச் சபைக் குருமார் வந்தனர். மன்னார், புத்தளம், நீர்கொழும்பு, கொழும்பு, சபரகமுவை, திருகோணமலை, மட்டக்களப்பு என்று இத்தீவை நடந்தே சுற்றினார். குரு வருடத்தில் ஒரு தரம், இரு தரமே வரக்கூடிய ஊர்களில் விளக்கு அணையாதிருக்க என்செய்வது? ஒவ்வொரு கோயிலுக்கும் மூப்பர் ஒருவரையும், செபமும் ஞானோபதேசமும் சொல்லிக்கொடுக்க அண்ணாவியார் ஒருவரையும் ஏற்படுத்தும் முறை இக்குருமார் காலத்தில் வேரூன்றிற்று. கூத்துப் பழக்கும் அண்ணாவியாரை நாம் அறிவோம். சமயம் பழக்கும் அண்ணாவியாரையும் அறிதல் நன்று.

தமிழாசிரியன் என்ற முறையில் இன்னொருவரைக் குறிப்பிடாமற் செல்ல எனக்கு மனமில்லை. 1705இல் வந்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளே அவர். குருமார் உடல் எங்கும் செல்லமுடியாது, ஏடு செல்லும் என்று முனிவர் கண்டுகொண்டார் போலும். எழுதும் பணி கொன்சால்வெஸ் அடிகளிடம் சேர்ந்தது. சிங்களத்திலும் தமிழிலும் அவர் நூல்களும் அகராதிகளும் இயற்றினார். தமிழிலே அவர் செய்த வியாகுலப் பிரசங்கம், தபசுகாலத்தில் யாழ்ப்பாணத்துக் கத்தோலிக்கர் இராகத்தோடு ஓதிவந்த நூல். சிறுவனாக இருந்தபோது, எங்கள் அயலிலிருந்த வீட்டில் முதியவர் ஒருவர் விளக்கடியில் அதனை வாசிக்க, பெண்கள் முக்காடிட்டு விம்முவதை வேலிக்கப்பால் நின்று கேட்டிருக்கின்றேன். பொருள் அன்று விளங்கவில்லை. கேட்டவர் தம் பிழைக்கே அழுதனர் என்பது மட்டும் விளங்கிற்று. இன்று அந்நூலை ஓத அறிந்தவர் அருகி வருகின்றனர். ஒலிபெருக்கிகள் பெருகிவிட்டன.

கீழைநாடுகளுக்குத் திருத்தந்தையின் தூதுவராக வந்த தூர்னோன் என்பவர் முனிவரின் புகழைக் கேட்டு, அவரை ஆயராக்க விரும்பினார். முனிவர் இசையவில்லை. வெறுங்காலோடு வந்தவர் வெறுங்காலோடே இருந்தார். நடையாலும் நோயாலும் தளர்ந்து, 1711ஆம் ஆண்டு தை மாதம் 16ஆந் திகதி நள்ளிரவில், கண்டி நகரில் உயிர்நீத்தார். வயது அறுபது நிறைய மூன்று திங்கள் குறைவு. இந்நாட்டில் அவர் கழித்தது இருபத்துநான்கு ஆண்டுகள். ஒருமுறையேனும் கோவாவுக்குத் திரும்பிச் சென்றாரல்லர். ஒரு குருவும் இல்லாத தீவில் இறங்கியவர், எழுபதினாயிரம் கத்தோலிக்கரையும், பதினைந்து கோயில்களையும், நானூறு சிறு கோயில்களையும் விட்டுச் சென்றார் என்று நூல்கள் கணக்கிடும்.

அவருக்குப்பின் நடந்தவற்றைச் சுருங்கக் கூறலாம். 1740களில் கண்டி மன்னர் மனம் மாறிக் குருமார் வெளியேற்றப்பட்டனர். வஹாக்கோட்டை போன்ற ஊர்கள் தனித்துவிடப்பட்டன. கரையோரத்திலோ ஒல்லாந்தர் தடை நீடித்தும், கத்தோலிக்கர் தொகை வளர்ந்தது. 1796இல் ஆங்கிலேயர் வந்தனர். 1806இல் மெயிற்லண்ட் தேசாதிபதி கத்தோலிக்கர்மீதிருந்த தடைகளை நீக்கினார். உத்தியோகமும் காணியும் இனித் தோம்பைச் சாராவென்று தெரிந்தவுடனே, ஒல்லாந்தர் சேர்த்த இலட்சக்கணக்கான கிறித்தவர் கரைந்துபோயினர். அரசன் கட்டிய கோயில் வெறுமையாயிற்று. பனந்தோப்பில் கூடிய கோயில் நிலைத்தது.

1995ஆம் ஆண்டு தை 21ஆந் திகதி இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் கொழும்புக் காலிமுகத் திடலிலே யோசேவ் வாஸ் முனிவரை முத்திப்பேறு பெற்றவராகவும், 2015ஆம் ஆண்டு தை 14ஆந் திகதி திருத்தந்தை பிரான்சிஸ் அதே திடலிலே புனிதராகவும் அறிவித்தனர். திரண்ட மக்களுக்கு அளவில்லை. நான்காண்டு கழித்து, 2019 ஏப்ரல் 21ஆந் திகதி, உயிர்த்தஞாயிறு காலையில், கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலிலும் நீர்கொழும்பு கட்டுவப்பிட்டியிலும் மட்டக்களப்புச் சீயோன் கோயிலிலும் விடுதிகளிலும் குண்டுகள் வெடித்து, 250க்கு மேற்பட்டோர் மாண்டனர். அந்த நாள் முனிவர் பிறந்த நாள். கொச்சிக்கடைக் கோயிலோ, ஒல்லாந்தர்க்கு மறைந்து வாழ்ந்த குரு ஒருவர் தொடக்கியதாக மரபு கூறுவது.

இவற்றையெல்லாம் என் நண்பரோடு பேசியிருக்கின்றேன். பகை வெளியிலிருந்து வந்தபோதெல்லாம் கத்தோலிக்கர் நின்றனர். பகை இல்லாத காலத்திலே தளர்ந்தனர் என்பது அவர் துணிபு. யான் அவ்வாறு கொள்ளவில்லை. ஒல்லாந்தர் காலத்தில் நின்றவர்கள் பகையினால் நிற்கவில்லை. முதல் முப்பதாண்டும் பகை இருந்ததே. அப்போது தளர்ந்துதானே கிடந்தனர்? தமக்காக ஒருவர் கடல் கடந்து, பிச்சையெடுத்து, இராமுழுதும் விழித்திருந்து, தம் பாவத்தைக் கேட்டபோதே அவர்கள் எழுந்தனர். இன்று மாத்தளைத் தோட்டங்களிலே, மாதத்தில் ஒருமுறை பூசை நடக்கும் சிறுகோயில்கள் உள. அங்கே கூடும் தொழிலாளர் குருவிடம் தனித்துப் பேசக் கிடைக்கும் நேரம் எவ்வளவு என்று கேட்டேன். பூசை முடிந்து குருவின் வாகனம் அடுத்த தோட்டத்துக்குப் புறப்படும்வரை என்றார் நண்பர். மனஸ்தாபம் மக்களிடம் இல்லை என்று முறையிட்டவர், சிறிதுநேரம் மௌனமாக இருந்தார். பின், குருமார் குறைவு என்றார். வாஸ் முனிவர் காலத்தில் குருமார் மிகுதியோ என்று யான் கேட்கவில்லை. அவருக்கே அது தோன்றியிருக்கும்.

கண்டியிலே தாம் எழுப்பிய கோயிலிலேயே முனிவர் அடக்கம் செய்யப்பட்டார். குருமார் துரத்தப்பட்ட காலத்தில் அக்கோயிலும் அழிந்தது. பலர் பலமுறை தேடியும், அவருடைய கல்லறை இருந்த இடம் இதுகாறும் துணியப்படவில்லை.